எனக்குச் சாமி வரவில்லை

போன தைப்பூசத்தன்று ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்குக் காவடி எடுத்துப்போகும் வழியில் எனக்குச் சாமி வந்ததாக எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். வரவில்லை. வந்தது வேறு. அது இன்னதென்று ஆஸ்பத்திரியில் எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன், விளங்கியும்விட்டது. விளங்கிய பிறகு வாயை மூடிக்கொண்டு கிடந்தேனே, அதுதான் நான் செய்த தப்பு. என்னைப்போல நீரிழிவுக்காரர்கள் இந்தத் தீவில் பலர் இருக்கிறார்கள், அவர்களும் விரதம் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று சொன்னால் பாதி உண்மை.

பாம்ப்ளமூசுக்கு வடக்கே எங்கள் ஊர். அப்பா கப்பலேறிக் கூலிக்கு வந்தவர், நான் அவர் விட்டுப்போன துண்டு நிலத்தில் சொந்தமாகக் கரும்பு போடுகிறவன். முந்தின வருஷம் வெட்டுக் காலத்தில் உடம்பு கெட ஆரம்பித்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேட்டி இடுப்பில் நிற்காது. வெயிலின் வேலை என்று நினைத்து அலட்சியமாக இருந்தேன். கொல்லையில் நான் ஒதுங்கின இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்ததை என் மனைவி ராசம்மாதான் பார்த்தாள்.

"என்னங்க, இது நல்லதுக்கில்ல. லொபித்தாலுக்குப் போயிடலாம், வாங்க" என்றாள். லொபித்தால் என்றால் ஆஸ்பத்திரி. அந்தச் சொல்லே எனக்கு ஆகாது, என் அப்பா அங்கே போய்த் திரும்பாதவர்.

போர்ட் லூயிஸில் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மரப்பெஞ்சில் காலையிலிருந்து மதியம்வரை உட்கார்ந்திருந்தோம். பெஞ்சு நிறைய ஆள். இருமுகிறவர்கள், காலில் துணி சுற்றியவர்கள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிற தாய்மார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போது என் பெயர் வரக் கூடாது என்றும் சீக்கிரம் வந்து தொலையட்டும் என்றும் மாறி மாறி வேண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே நரைத்த தலையுள்ள, இந்தத் தீவின் கலப்பினத்தவரான கிரியோல் டாக்டர் ஒருவர், கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் என் சிறுநீரைச் சில சொட்டு விட்டு, விளக்கில் காட்டிச் சூடாக்கினார். நீலம் பச்சையானது, பிறகு மஞ்சள், கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது.

"திசிக்" என்றார். சர்க்கரை. என்ன தொழில் என்று கேட்டார். கரும்பு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, பயத்தில்.

சில வருஷங்களுக்கு முன்னால் வந்திருந்தால் என்னைப் பட்டினி போட்டு இன்னும் கொஞ்ச மாதம் இழுத்துப் பிடித்திருப்பார்களாம், அவ்வளவுதானாம். இப்போது இன்சுலின் என்ற மருந்து கப்பலில் வருகிறது. வயிற்றுக்குள் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒரு சதை இருக்கிறதாம், அதில் ஊறுகிற சாறு எனக்கு ஊறவில்லையாம். அதனால் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்து அந்தச் சாற்றை எடுத்து மருந்தாக்குகிறார்களாம். இந்தக் கடைசிச் சேதியை நான் ராசம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது எனக்கு அப்போதே கைவந்த கலை.

தினம் இரண்டு வேளை ஊசி. ஊசியை இங்கே பிகீர் என்போம். யார் போடுவது? என் கை நடுங்குகிறது. ராசம்மா ஊசியைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மகள் தெய்வானைதான் முன்னால் வந்தாள். இருபது வயது, ஒரே பிள்ளை. அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற கன்னியாஸ்திரீகளை மாசேர் என்று கூப்பிடுவோம். ஒரு வயதான மாசேர் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து அதில் குத்திப் பழகச் சொன்னார். இரண்டு நாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் நான். மாசேர் அவள் முதுகில் தட்டி, "நான் முப்பது வருஷமாகக் குத்துகிறேன், எனக்கு இந்தக் கை வாய்க்கவில்லை" என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு நாள் எல்லாம் அவள் கையில்தான். ஊசியைக் கொதிக்க வைப்பாள், மருந்தை வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்ப்பாள், நான் என்ன தின்றேன் என்று கேட்பாள். மூன்று மாதத்தில் எனக்குச் சதை பிடித்தது. தோட்டத்துக்குப் போய்க் களை எடுக்கிறவர்களோடு சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பும் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் வக்குவாவிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பையன் பெயர் ஆறுமுகம், ரயில் நிலையத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன். காத்ர் போர்னில் ஒரு கல்யாணத்தில் தெய்வானையைப் பார்த்திருக்கிறான். அவளும் பார்த்திருக்கிறாள். ராசம்மா கேட்டபோது, குனிந்து அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிராமலே, "எனக்குச் சம்மதம்மா" என்றாள். இரண்டாம் தரம் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெற்றிலை பாக்கு மாற்றினோம். வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு.

நல்ல இடம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவள் போய்விட்டால் காலையில் யார் வருவார்? "நீதான் கத்துக்கயேன்" என்று ராசம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் முயன்றாள், பாவம். கண்ணாடி ஊசி கைதவறி விழுந்து உடைந்ததுதான் மிச்சம். அழுதுவிட்டாள். மகளின் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற வீட்டில் அப்பன்காரன் தன் ஊசிக்கு ஆள் தேடுகிறான் என்று வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். அதனால் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பினால் காவடி எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம். இரவு ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு, பகலில் கொஞ்சம் பாலும் வாழைப்பழமும். கடைசி நாள் அதுவும் இல்லை, காவடி கோயிலில் இறங்கிப் பால் அபிஷேகம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்தான். டாக்டரிடம் விரதத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: ஒரு நாளும் பிகீரை விடாதே. மருந்து ஆகாரம் இல்லையே, அதனால் விரதம் கெடாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு தினமும் இரண்டு வேளையும் போட்டுக்கொண்டேன். பகலில் சில நாள் வேர்த்து ஊற்றும், கை நடுங்கும். பழம் தின்றால் சரியாகிவிடும். முருகன் நெருங்கி வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலையில் தெய்வானை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"அப்பா, இன்னைக்கு ஒண்ணும் சாப்பிட மாட்டீங்களே. வெறும் வயித்துல போடலாமா?"

"டாக்டர் ஒரு நாளும் விடாதன்னாரா இல்லையா? போடு."

"பாதி போடட்டுமாப்பா?"

"காவடி நாளுமா எதுத்துப் பேசற? போடுன்னா போடு."

போட்டாள்.

ஆற்றில் குளித்தது, முதுகில் வேல் குத்தியது, காவடியைத் தோளில் ஏற்றியது, எல்லாம் நினைவிருக்கிறது. வெயில் சுட்டது. பாதி வழியில் காது அடைத்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. என் தம்பி சுப்பையா சொல்லித்தான் தெரியும். உடம்பெல்லாம் வேர்வை கொட்ட, கண் நிலைகுத்தி, கைகால் உதற நான் சுற்றிச் சுற்றி ஆடினேனாம். பிடிக்க வந்தவனை அறைந்தேனாம். கூட்டம் அரோகரா போட்டது. சுப்பையா காலில் விழுந்து, "சாமி, குடும்பத்துக்கு என்ன உத்தரவு?" என்று கேட்டிருக்கிறான்.

"தெய்வானை இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. வக்குவாக்காரங்களுக்கு இல்லன்னு சொல்லிடு." மூன்று தரம் சொன்னேனாம், ஊரே கேட்கும்படி.

பிறகு கோயில் வாசலில் விழுந்திருக்கிறேன். பக்கத்திலேயே ஓர் அண்டா பஞ்சாமிர்தம் இருந்தது. அதில் ஒரு கரண்டியை, எனக்கு நினைவு தப்பும் முன்னால் யாராவது வாயில் வைத்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பேன் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். ஆனால் அபிஷேகம் ஆகவில்லை, விரதம் முடியவில்லை, யார் கொடுப்பார்கள்? தெய்வானை மட்டும் கத்தியிருக்கிறாள். "சித்தப்பா, இது சாமி இல்ல, அப்பாவுக்கு ஒடம்புக்கு என்னமோ ஆகுது" என்று. சுப்பையா அவளை அதட்டியிருக்கிறான். அவள் கேட்கவில்லை. கரும்பு ஏற்றுகிற லாரிக்காரன் ஒருவனை மன்றாடிக் கூட்டிவந்து, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு போர்ட் லூயிஸுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் காலையில்தான் எனக்கு முழு நினைவு வந்தது. நாக்கைக் கடித்திருந்தேன், பேச்சு குழறியது. கையில் நரம்பு வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றிய இடம் வீங்கியிருந்தது. அதே டாக்டர். அதே மாசேர். அடுத்த கட்டிலில் இதே வியாதியில் கால் விரலை எடுத்துவிட்ட ஒரு மீனவர், என்னைப் பார்த்து, "திரும்பி வந்துட்டயா?" என்று கிரியோல் மொழியில் கேட்டார்.

பதினோரு நாள் அங்கே கிடந்தேன். முதல் மூன்று நாளும் ஊரிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி வரவில்லை. கட்டிலருகே வந்ததும் குரலைத் தாழ்த்துவார்கள், காலைத் தொடுவார்கள். வரப்புத் தகராறில் என்னோடு இரண்டு வருஷமாகப் பேசாதவன்கூட வந்து கைகட்டி நின்றான். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மிகவும் பிடித்திருந்தது. சுப்பையா வந்து, சாமி வாக்குப்படி வக்குவாவுக்குப் போய்ச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். "அப்படியா" என்றேன்.

தெய்வானை தினமும் காலை ரயிலில் வந்தாள். கீரையை வேகவைத்து வடித்த சாறு கொண்டுவருவாள், என் வேட்டியைத் துவைத்துப் போடுவாள், கால் விரல் இடுக்கைத் துடைத்துவிடுவாள். கண் வீங்கியிருந்தது. கல்யாணத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

நான்காம் நாள் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரதத்தைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

"ஆட்டீரல் தின்றிருக்கிறாயா?" என்று கேட்டார்.

"காவடிக்கு முன்னால தின்னிருக்கேன்."

"லேசாக இனிக்கும், இல்லையா?"

இனிக்கும். ஆனால் ஏன் என்று நான் யோசித்ததில்லை. அவர் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன். நாம் தின்கிற சோறும் ரொட்டியும் சர்க்கரையாகி ரத்தத்துக்கு வருகின்றன. அப்போது கணையம் இன்சுலினை அனுப்பும். "வாங்கி வை" என்று ஈரலுக்கு அது உத்தரவு. ஈரல் சர்க்கரையை வாங்கி மாவு மாதிரி இறுக்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் நமக்கும் அதே கதைதான். சாப்பிடாத நேரத்தில் இன்சுலின் அடங்கிவிடும். ஈரல் அந்த மாவை மறுபடி சர்க்கரையாக்கி ரத்தத்துக்கு விடும். தூங்கும்போதும் நாம் சாகாமல் இருப்பது அதனால்தான். என்னைப் போன்றவனுக்கு "வாங்கி வை" என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் ரத்தத்தில் சர்க்கரை நிறைந்து வழிகிறபோதும், தெரியாமல் ஈரல் மேலும் மேலும் விட்டுக்கொண்டே இருக்கும். ஊசி போட்டால் நிறுத்தும்.

"நீ பத்து நாள் பட்டினி கிடந்து ஈரலைக் காலி செய்தாய். பிறகு ஊசி போட்டு, இருந்த கொஞ்சத்தையும் விடாதே என்று உத்தரவு போட்டாய். அதோடு காவடியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தாய். ஆபத்து என்று தெரிந்ததும் உடம்பு அட்ரினலின் என்ற இன்னொரு சாற்றை விட்டது. 'எடு, எடு' என்று ஈரலை உலுக்குவது அதன் வேலை. வேர்வையும் நடுக்கமும் படபடப்பும் அதனால் வந்தவைதான். ஆனால் ஈரலில் எடுக்க என்ன இருந்தது?"

"பேசினது?"

"மூளைக்குச் சர்க்கரைதான் தீனி. அது கிடைக்காவிட்டால் மனிதன் குடித்தவன் மாதிரி உளறுவான், அடிப்பான். பிறகு நினைவிருக்காது."

"அப்பப் பேசறது யாரோட பேச்சு, டாக்டர்?"

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "அவன் பேச்சுத்தான். வேறு யாருடையது?"

எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முருகன் பேரில் போட்ட பழி என் தலையில் வந்து உட்கார்ந்தது. என் மகள் என்னை விட்டுப் போகக் கூடாது என்று மாதக்கணக்காக நான் உள்ளே புழுங்கியதுதான், காவல் தளர்ந்ததும் வெளியே வந்திருக்கிறது. அன்றே சுப்பையாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஆறுமுகத்தின் அப்பாவே வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், காலில் வாதம். வக்குவாவிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, கூடையிலிருந்து காய்கறியை எடுத்துக் கட்டிலடியில் வைத்தார்.

"சர்க்கரைக்காரங்களுக்கு எது ஆகும்னு டிஸ்பென்சரில விசாரிச்சுத்தான் கொண்டாந்தேன், சம்பந்தி. நம்ம தோட்டத்துக் காய்தான்."

நன்றி சொன்னேன்.

"உங்க தம்பி வந்து சாமி வாக்குன்னாரு. நான் மறுத்துப் பேசல. பையன்தான் நாலு நாளா சரியாச் சாப்பிடல. உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா மனசு ஆறிடும். உங்களுக்கும் அதுதான் எண்ணமா?"

சம்பந்தி என்றே கூப்பிட்டார். ஒரு வார்த்தைதான் கேட்டார். உடம்பு சரியில்லாமல் உளறிவிட்டேன் என்றால் முடிந்தது. என்ன, ஊரில் சிரிப்பார்கள். காலைத் தொட்டவர்கள் எல்லாம் முறைப்பார்கள். வைகாசிக்கு அப்புறம் காலையில் எனக்கு ஊசி போட ஆள் இருக்காது. இவ்வளவையும் அந்த ஒரு நிமிஷத்தில் நினைத்துப் பார்த்தேன். சர்க்கரை குறையவில்லை, நினைவு தப்பவில்லை, முழுத் தெளிவோடு இருந்தேன்.

"நான் என்னத்தச் சொல்ல? சாமி சொன்னது" என்றேன்.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "சாமி சொன்னா சரிதான்" என்று சொல்லி, குனிய முடியாமல் குனிந்து என் காலைத் தொட்டுவிட்டுப் போனார். அன்று மதியம் எனக்குக் கொடுத்த சாப்பாட்டை நான் மிச்சம் வைக்காமல் தின்றேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வீடு திரும்பினேன். வைகாசி வந்து போயிற்று. சாமி தடுத்த பெண் என்று பெயர் விழுந்துவிட்டதால் வேறு யாரும் கேட்டு வரவில்லை. வெட்டுக் காலம் தொடங்கினபோது, ஆறுமுகத்துக்குக் காத்ர் போர்னில் பெண் எடுத்துக் கல்யாணம் ஆகிவிட்டது என்று சேதி வந்தது. தெய்வானை அதைக் கேட்டாள். அன்றைக்கும் வேளை தவறாமல் எனக்கு ஊசி போட்டாள்.

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. முதலில் சுப்பையாவிடம் சொன்னேன், அவனிடம் சொல்வது சுலபம். ஈரல், இன்சுலின் எல்லாம் சொன்னேன். அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமி வந்ததை இல்லங்காதண்ணே, பாவம் சுத்தும். என் கண்ணால பாத்தேன்" என்று எழுந்து போய்விட்டான். நான் பேச வேண்டிய நாளில் பேசவில்லை, பேசும்போது நம்ப ஆள் இல்லை.

பிறகு தெய்வானையிடம் போனேன். கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்பா" என்றாள். "லொபித்தால்ல சேத்த அன்னைக்கே மாசேர் சொல்லிட்டாங்க. பிகீர் போட்டவ நான்தானே, என்னைத்தானே மொதல்ல கேட்டாங்க."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? ஏம்மா என்னைக் கேக்கல?"

"சாமி வாக்கு பொய்யின்னு நான் எப்படிச் சொல்றது? எனக்குக் கல்யாண அவசரம்னு பேசுவாங்க. நீங்கதான் சொல்லணும்." துணியைப் பிழிந்தாள். "டாக்டர் உங்களுக்கும் சொன்னாருன்னு மாசேர் சொன்னாங்க. அப்பா பயந்து கெடக்காரு, டாக்டர் பேசுனது அவருக்கு விளங்கியிருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன். இத்தனை மாசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன், அப்பா."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கே விளங்கிடுச்சா உங்களுக்கு?"

ஆமாம் என்று சொன்னேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.